எட்டு மாதப் பயிற்சியில் மாஸ்டர் ரோஷி கோக்குவுக்கு உண்மையில் என்ன கற்றுக்கொடுத்தார்?

மேகமேறி:

அனைவருக்கும் வணக்கம். 1986 பிப்ரவரியில் தொடங்கி 1989 ஏப்ரலில் முடிந்த, ஜப்பானிய அனிமேஷன் (அனிமே) தொடரான முதல் டிராகன் பால் தொடரின் 153 அத்தியாயங்களையும் வரிசை மாறாமல் அண்மையில் பார்த்து முடித்தேன். பின்னால் வந்த தொடர்களை முன்பே பார்த்திருந்தாலும், சிறுவன் கோக்குவின் தொடக்க காலத்தை முழுமையாகப் பார்த்தது இதுவே முதல் முறை. பார்த்த நாளிலிருந்து ஒரு கேள்வி மனத்தைவிட்டு அகலவில்லை.

நாயகன் கோக்குவும் அவன் வயதொத்த கிரிலினும் முதிய தற்காப்புக் கலை ஆசான் மாஸ்டர் ரோஷியிடம் சீடர்களாகச் சேர்ந்து, உலகத் தற்காப்புக் கலைப் போட்டி வரும்வரை எட்டு மாதங்கள் பயிற்சி பெறுகிறார்கள். 14 முதல் 18 வரையிலான அத்தியாயங்களில் இந்தப் பகுதி வருகிறது. கூர்ந்து பார்த்தால், அந்த எட்டு மாதங்களில் ரோஷி ஒரு நிற்கும் நிலையையோ, ஒரு குத்தையோ, ஓர் உதையையோ, ஒரு தடுப்பு முறையையோ சொல்லித் தருவதாக எங்கும் காட்டப்படவில்லை. பால் போடுவது, நிலம் கிளறுவது, கட்டுமான இடத்தில் கூலி வேலை பார்ப்பது, ஏரியில் நீந்துவது என்றுதான் நாள்கள் கழிகின்றன. கைகளிலிருந்து ஆற்றல் அலையைப் பாய்ச்சும், புகழ்பெற்ற காமேஹாமேஹாவைக்கூட அவர் கற்றுக்கொடுக்கவில்லை. தீப்பிடித்த மலையில் அவர் அதைச் செய்வதை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு கோக்கு தானாகவே செய்துவிடுகிறான். அதுவும் அவன் சீடனாகச் சேர்வதற்கு முன்பே நடந்துவிடுகிறது. தனக்கு அந்த வித்தை கைவர ஐம்பது ஆண்டுகள் ஆயின என்று அப்போது சொல்பவரும் ரோஷிதான்.

இதை ஒரு கற்பித்தல் முறை என்று எடுத்துக்கொள்வதா, அல்லது போட்டிக் காட்சிகளுக்கு விரைந்து செல்வதற்காகப் பயிற்சியை நகைச்சுவையாகக் கடந்துவிட்டார்கள் என்று கொள்வதா? கோக்கு இயல்பிலேயே அபாரமான வலிமை உடையவன் என்றால், இந்த எட்டு மாதங்கள் அவனுக்குப் புதிதாக எதைத்தான் தந்தன? தொடரை ஆழ்ந்து பார்த்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.


கல்தேடி:

நல்ல கேள்வி. என் பதில் சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இது கற்பித்தல் முறைதான் என்பதிலும், அதுவும் மிகத் தெளிவாக யோசித்து அமைக்கப்பட்ட முறை என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

பயிற்சியின் முதல் வேலையாக ரோஷி இருவரையும் ஓடவிட்டு நேரம் பார்க்கிறார். 100 மீட்டரை கிரிலின் 10.4 விநாடிகளில் கடக்கிறான். கோக்குவுக்கு முதலில் 11 விநாடிகள் ஆகின்றன. பிறகு, தேய்ந்துபோன காலணியை மாற்றிக்கொண்டு ஓடி 8.5 விநாடிகளில் முடிக்கிறான். இருவரும் பெருமையோடு நிற்கும்போது கிழவர் தாமே ஓடி 5.6 விநாடிகளில் வந்து நிற்கிறார். அந்தக் காலத்தில் நிஜ உலகின் சாதனை 1983இல் கால்வின் ஸ்மித் ஓடிய 9.93 விநாடிகள் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த எண்கள் எவ்வளவு கவனமாக வைக்கப்பட்டவை என்பது புரியும். கிரிலின் மனித எல்லைக்குள் நிற்கிறான், கோக்கு அதைத் தாண்டிவிட்டான், குருவோ இருவரும் எண்ணிப் பார்த்திராத இடத்தில் இருக்கிறார். ஒரு சொல்கூட அறிவுரை சொல்லாமல், தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதைச் சீடர்களுக்கு அவர் காட்டிவிடுகிறார்.

அடுத்தது கல் தேடும் பயிற்சி. ஆமை என்ற எழுத்தைத் தாம் எழுதிய ஒரு கல்லைக் காட்டுக்குள் வீசிவிட்டு, அரை மணி நேரத்துக்குள் கொண்டு வர வேண்டும், தோற்றவருக்கு இரவு உணவு கிடையாது என்கிறார். கிரிலின் வேறொரு கல்லில் தானே அந்த எழுத்தை எழுதிக் கொண்டுவந்து, கையெழுத்து வேறாக இருந்ததால் மாட்டிக்கொள்கிறான். கோக்கு ரோஷியின் கை வாசனையை மோப்பம் பிடித்தே உண்மையான கல்லைக் கண்டுபிடிக்கிறான். ஆனால் கிரிலின் அவனைத் தந்திரமாகத் திசைதிருப்பி அந்தக் கல்லைப் பறித்துக்கொண்டு வெற்றி பெறுகிறான். ரோஷி அந்த வெற்றியை ஏற்றுக்கொள்கிறார் என்பதைக் கவனியுங்கள். உடல் வலிமை மட்டும் போதாது, எதிரில் இருப்பவனின் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் அறிய வேண்டும் என்ற பாடம் கோக்குவுக்குப் பசியோடு சேர்ந்து கிடைக்கிறது.

இனி அன்றாடப் பயிற்சிக்கு வருவோம். விடிவதற்கு முன், நான்கரை மணிக்கே எழுப்பிப் பால் போடச் சொல்கிறார். வண்டியோ, கோக்கு ஏறிப் பறக்கும் மேகமோ பயன்படுத்தக்கூடாது. ஒரு பகுதியைத் துள்ளித் துள்ளிக் கடக்க வேண்டும், மரங்கள் வரிசையாக நிற்கும் சாலையில் வளைந்து வளைந்து ஓட வேண்டும், மலைமேல் இருக்கும் கோயிலுக்கு முடிவில்லாத படிகளில் பால் புட்டிகளோடு ஏற வேண்டும், பள்ளத்தின் குறுக்கே கிடக்கும் ஒற்றை மரத்தின் மீது நடக்க வேண்டும். இவற்றில் ஒவ்வொன்றும் வெவ்வேறு வகையான கால் வேலை. துள்ளல் கணுக்காலுக்கு, வளைந்தோடுவது திடீரெனத் திசை மாற்றுவதற்கு, படிகள் மூச்சுக்கு, ஒற்றை மரம் சமநிலைக்கு. கையில் புட்டிகள் இருப்பதால், கால்கள் எவ்வளவு வேகமாகப் போனாலும் உடலின் மேற்பகுதி அலுங்காமல் இருக்க வேண்டும். சண்டையில் இதுவே பாதி வேலை.

பால் போட்டு முடிந்ததும் கருவி எதுவுமின்றி வெறுங்கையால் வயலைக் கிளற வேண்டும். பிறகு காலை உணவு, அதன்பின் நண்பகல்வரை படிப்பு, மதிய உணவுக்குப் பின் ஒரு மணி நேரத் தூக்கம், பிறகு கட்டுமான வேலை, பிறகு சுறா இருக்கும் ஏரியில் நீச்சல், கடைசியாக மரத்தில் கயிற்றால் கட்டப்பட்ட நிலையில் தேனீக்களிடம் கொட்டு வாங்காமல் உடலை மட்டும் அசைத்துத் தப்புதல். ஒரு நாள் முழுவதும் இப்படிக் கழிந்து இருவரும் துவண்டு கிடக்கும்போதுதான், நாளை முதல் 20 கிலோ எடையுள்ள ஆமை ஓட்டை முதுகில் சுமந்துகொண்டு இவை அனைத்தையும் செய்ய வேண்டும் என்று சொல்கிறார். பயிற்சிக் காலத்தின் பிற்பாதியில் அந்த எடையும் இரண்டு மடங்காகிறது.

எட்டு மாதங்கள் கழித்து, இனியாவது தற்காப்புக் கலையைக் கற்றுக்கொடுங்கள் என்று சீடர்கள் கேட்கும்போது, கற்றுக்கொடுப்பதற்கு ஒன்றும் மீதமில்லை, கையும் காலும் கண்ணும் தலையும் ஏற்கெனவே பழகிவிட்டன என்கிறார். ஆமை ஓட்டைக் கழற்றிவிட்டுக் குதிக்கச் சொல்கிறார். தாங்கள் எந்த உயரத்துக்குப் போகிறோம் என்று அவர்களே திகைத்துப்போகிறார்கள். உங்கள் கேள்விக்கான விடையை அந்த இடத்தில் கதையே சொல்லிவிடுகிறது என்பது என் கருத்து.


நான்காம்நட்சத்திரம்:

கல்தேடி அவர்களின் விளக்கம் அழகாக இருக்கிறது, ஆனால் என்னால் முழுமையாக ஒப்புக்கொள்ள இயலவில்லை. கதையை நெடுங்காலத் திட்டம் எதுவுமின்றி வாரந்தோறும் உருவாக்கியதாக மூலச் சித்திரக்கதையான மங்காவின் ஆசிரியர் அகிரா தொரியாமாவே பலமுறை சொல்லியிருக்கிறார். அப்படி எழுதப்பட்ட ஒரு கதையில் கால் வேலை, சமநிலை என்று இவ்வளவு நுணுக்கமான பாடத்திட்டத்தை நாம்தான் பின்னாலிருந்து ஏற்றிப் படிக்கிறோமோ என்று தோன்றுகிறது.

பாறைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாறையை நகர்த்தும் வலிமை வந்த பிறகே தற்காப்புக் கலையைக் கற்பிப்பேன் என்று ரோஷி சொல்கிறார். கோக்கு அந்தக் கணமே அதைத் தள்ளிவிடுகிறான். உடனே, நான் சொன்னது அந்தப் பாறையை அல்ல என்று இன்னும் பெரிய பாறை ஒன்றைக் காட்டுகிறார். திட்டமிட்ட குரு ஒருவர் செய்யக்கூடிய காரியம் இல்லை இது. அந்த நேரத்துக்குச் சமாளிக்கிறார், அவ்வளவுதான். சீடனாகச் சேர்த்துக்கொள்ள ஓர் அழகான பெண்ணை அழைத்து வர வேண்டும் என்று அவர் போட்ட நிபந்தனையையும், படிப்பு நேரத்தில் சிறுவர்களுக்குக் கொடுத்த புத்தகத்தின் தரத்தையும் நினைத்தால், அவரைப் பெரிய ஆசானாகக் கொண்டாட எனக்கு மனம் வருவதில்லை.

மேலும், கோக்கு வேற்றுக்கோள் போர்வீரர்களான சாயன் இனத்தைச் சேர்ந்தவன். எங்கே வளர்ந்திருந்தாலும் வலிமையாகவே வளர்ந்திருப்பான்.


ஆறுபுள்ளி:

நான்காம்நட்சத்திரம் அவர்களுக்கு: ரோஷியின் நடத்தை பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கமாட்டேன். அந்த நகைச்சுவை இன்று பார்க்கும்போது முகம் சுளிக்கவே வைக்கிறது. ஆனால் சாயன் பற்றிய வாதம் இங்கே செல்லாது. கோக்கு வேற்றுக்கோளில் பிறந்தவன் என்ற செய்தி, 1989 ஏப்ரலில் தொடங்கிய இரண்டாம் தொடரில்தான் அனிமேயில் வருகிறது. 1986இல் இந்தப் பயிற்சி அத்தியாயங்கள் ஒளிபரப்பானபோது அவன் வால் முளைத்த, காட்டில் வளர்ந்த ஒரு வினோதச் சிறுவன் மட்டுமே. அவனுடைய வலிமைக்குக் கதை அப்போது காட்டிய காரணம், ரோஷியின் பழைய சீடரான தாத்தா கோஹான் அவனை வளர்த்துப் பழக்கினார் என்பதே.

ஒரு பேச்சுக்கு, கோக்கு பிறவியிலேயே வலியவன் என்று வைத்துக்கொள்வோம். அப்போது பயிற்சியின் மதிப்பை அளக்க நாம் பார்க்க வேண்டியது கிரிலினை. அவனுக்கு வாலும் இல்லை, வேற்றுக்கோள் இரத்தமும் இல்லை. ஒரு மடத்தில் சேர்ந்து பயின்று, மூத்த மாணவர்களிடம் அடியும் ஏளனமும் பெற்றவன். பெண்கள் தன்னை விரும்ப வேண்டும் என்பதற்காகவே வலிமை தேடி வந்ததாகச் சொல்பவன். ஓட்டத்தில் கோக்குவைப்போல மனித எல்லையைத் தாண்டாதவன். அவன்தான் அதே பாலைச் சுமந்து, அதே வயலைக் கிளறி, அதே ஆமை ஓட்டைத் தாங்கினான்.

21ஆவது போட்டியின் தகுதிச் சுற்றில் கிரிலின் முதலில் சந்திப்பதே தன்னைக் கொடுமைப்படுத்திய பழைய மூத்த மாணவர்களில் ஒருவனை. கிரிலின் நடுங்குகிறான், எதிராளி சிரிக்கிறான். பிறகு ஒரே உதை, எதிராளி மேடையிலிருந்து பறந்து விழுகிறான். என்னைப் பொறுத்தவரை அந்தப் பகுதி முழுவதிலும் உணர்ச்சி மிகுந்த காட்சி இதுதான். ஏனென்றால், தன் உடலில் என்ன மாற்றம் நிகழ்ந்திருக்கிறது என்பது அந்த விநாடிவரை கிரிலினுக்கே தெரியாது. பயிற்சியைப் பயிற்சி என்று அறியாமல் செய்ததால் தன் வளர்ச்சியை அளந்து பார்க்கும் வாய்ப்பே அவனுக்குக் கிடைத்திருக்கவில்லை. ஆமை ஓட்டைக் கழற்றிக் குதித்தபோது உடல் லேசானதைத்தான் உணர்ந்தான். தன்னை அடித்தவன் எதிரில் நிற்கும்போது அந்த வலிமை உதவுமா என்பதை மேடை ஏறிய பிறகே அறிந்தான்.

அந்தப் போட்டியில் அவன் அரையிறுதிவரை போகிறான். அங்கே ஜாக்கி சுன் என்ற கிழவரோடு (மாறுவேடத்தில் வந்த ரோஷிதான்) அவன் மோதும்போது, பார்வையாளர்களின் கண்ணுக்கே புலப்படாத வேகத்தில் அடிகள் பரிமாறப்படுகின்றன. நடந்தது என்ன என்று நடுவர் கேட்க, இருவரும் அதை மெதுவாக நடித்துக் காட்டுகிறார்கள். சில மாதங்களுக்கு முன்பு கள்ளக் கல்லில் எழுத்து எழுதிக் கொண்டுவந்த சிறுவனா இவன் என்று நினைக்கத் தோன்றும்.

முன்திட்டமின்மை பற்றி ஒரு சொல். ஆசிரியர் வாரந்தோறும் யோசித்து எழுதினார் என்பதால் எழுதியது யோசனையற்றது என்று ஆகிவிடாது. பயிற்சிக்கு ஐந்து அத்தியாயங்களும் போட்டிக்கு ஏறக்குறைய அதன் இரு மடங்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பயிற்சியில் விதைத்தவற்றில் பெரும்பாலானவை போட்டியில் அறுவடையாகின்றன.


பட்டைகட்டியவன்:

நான் கராத்தே பயிற்றுவிப்பவன் என்பதால், இந்தப் பயிற்சியின் உடலியல் பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவர்கள் 20 கிலோவை முதுகில் கட்டிக்கொண்டு ஓடுவது கதைக்கு மட்டுமே பொருந்தும். வளரும் வயதில் முதுகெலும்பிலும் முழங்காலிலும் அவ்வளவு சுமையை ஏற்றுவது கேடு. வளர்ந்தவர்கள் எடை உடுப்பைப் பயன்படுத்தும்போதும் உடல் எடையில் சிறு பங்கிலிருந்தே தொடங்குவார்கள். சுமை மிகுந்தால் ஓடும் முறையே மாறிவிடும். உடல் அந்த மாறிய முறையையே பழகிக்கொள்ளும். எடையைக் கழற்றியதும் வானளாவக் குதிப்பது நடக்காது. சுமையை இறக்கியவுடன் உடல் மிக லேசாக இருப்பதாக ஓர் உணர்வு சிறிது நேரம் இருக்கும் என்பது மட்டும் உண்மை. கதை அந்த உணர்வை எடுத்துக்கொண்டு பெரிதாக்கியிருக்கிறது.

ஆனால் இந்த அத்தியாயங்களில் எனக்கு மிகப் பிடித்தது எவரும் பேசாத ஒன்று: அந்த ஒரு மணி நேரத் தூக்கம். தற்காப்புக் கலை பற்றிய பெரும்பாலான கதைகளில் நாயகன் உறங்காமல், உண்ணாமல், இரத்தம் சிந்திப் பயிற்சி செய்வான். ரோஷியோ நன்றாக உழை, நன்றாகக் கற்றுக்கொள், நன்றாக விளையாடு, நன்றாகச் சாப்பிடு, நன்றாக ஓய்வெடு என்பதையே தம் பள்ளியின் கொள்கையாக வைத்திருக்கிறார். தசை வலுப்பெறுவது உழைக்கும்போது அல்ல, அதற்குப் பின் கிடைக்கும் உணவிலும் ஓய்விலும்தான் என்பது எந்தப் பயிற்றுநரும் அறிந்த செய்தி. இதை மாணவர்களுக்குப் புரியவைப்பது எவ்வளவு கடினம் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆர்வம் மிகுந்த மாணவன்தான் முதலில் காயப்படுவான்.

தேனீப் பயிற்சியும் கருத்தில் கொள்ளத்தக்கது. கால்கள் அசைய முடியாத நிலையில், இடுப்பையும் தோளையும் தலையையும் மட்டும் நகர்த்தித் தப்ப வேண்டும். குத்துச்சண்டையில் கயிற்றுக்குக் கீழே குனிந்து நிமிர்ந்து பழகுவதன் நோக்கமும் இதுவே. புதிதாக வருபவர்கள் அடி வரும்போது பின்னோக்கி ஓடுவார்கள். நின்ற இடத்திலேயே தப்பப் பழகினால்தான் உடனே திருப்பி அடிக்க முடியும்.

நுட்பத்தை அவர் கற்பிக்கவில்லை என்ற கேள்விக்கும் என் துறையிலிருந்து ஒரு பதில் உண்டு. இரண்டு சிறுவர்களும் நுட்பம் தெரியாமல் வந்தவர்கள் அல்லர். ஒருவனுக்குத் தாத்தா, மற்றவனுக்கு மடம். குத்தவும் உதைக்கவும் அவர்களுக்கு முன்பே தெரியும். அந்தக் குத்துக்கு அடியில் இருக்க வேண்டிய உடல்தான் இல்லாமலிருந்தது. ஒன்றுமே அறியாத ஒருவனிடம் இதே முறையைக் கையாண்டிருந்தால் அது தவறாக முடிந்திருக்கும்.


மேகமேறி:

அனைவருக்கும் நன்றி. குறிப்பாக, இருவரும் நுட்பம் அறிந்தே வந்தவர்கள் என்ற கருத்து என் பார்வையை மாற்றிவிட்டது. கிரிலினைக் கொண்டு அளக்க வேண்டும் என்பதையும் ஏற்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. இவ்வளவு அக்கறையோடு வளர்த்த குரு, ஜாக்கி சுன் என்ற பெயரில் மாறுவேடமிட்டுப் போட்டியில் கலந்துகொண்டு, இறுதிச் சுற்றில் தம் சீடனையே தோற்கடிக்கிறாரே, அது ஏன்? சிறுவனின் வெற்றியைப் பறித்ததாகவே எனக்குப் பட்டது. அந்த வெற்றி கோக்குவுக்குக் கிடைத்திருந்தால் என்ன கெட்டுவிடும்?


கல்தேடி:

அந்தத் தோல்வி பயிற்சியின் ஒரு பகுதி என்றே நான் பார்க்கிறேன். மிக முக்கியமான பகுதியும் அதுவே. முதல் போட்டியிலேயே வாகை சூடினால், தன்னைவிடப் பெரியவர் இல்லை என்று சீடன் எண்ணிவிடுவான், அத்தோடு அவன் வளர்ச்சி நின்றுவிடும் என்பது ரோஷியின் அச்சம். அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். குருவாகவே வந்து தோற்கடித்தால், குருதானே என்று சீடன் எளிதாக எடுத்துக்கொள்வான். முன்பின் அறியாத ஒரு கிழவரிடம் தோற்றால்தான், உலகத்தில் இன்னும் எத்தனை பேர் இப்படி இருப்பார்களோ என்று நினைப்பான். மாறுவேடம் தேவைப்பட்டது அதனால்தான்.

அந்த வெற்றி ரோஷிக்கு எளிதாகவும் கிடைக்கவில்லை. முழு நிலவைப் பார்த்து கோக்கு பெருங்குரங்காக மாறிவிட, நிலவையே அழிக்கும் அளவுக்குத் தம் ஆற்றலைச் செலவிட வேண்டிவருகிறது. கடைசியில் இருவரும் பாய்ந்து ஒரே நேரத்தில் உதைத்துக்கொண்டு இருவருமே விழுகிறார்கள். முதலில் எழுந்து நிற்பவர் வென்றவர் என்ற நிலையில் கிழவர் ஒருவாறு எழுந்து நிற்கிறார். தம் கால்கள் சிறுவனின் கால்களைவிட நீளம், அதனால் தம் உதை சற்று ஆழமாக இறங்கியது என்பதே வெற்றிக்கான காரணம். ஆக, அவர் கோக்குவிடமிருந்து பறித்தது கால் நீளத்தின் அளவே. கோக்குவும் அழுது புரளவில்லை. இப்படிப்பட்டவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்ற மகிழ்ச்சியோடு, தாத்தாவின் நினைவாக அவன் போற்றும் நான்கு நட்சத்திர டிராகன் பந்தைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறான். நீங்கள் வருந்துகிற அளவுக்கு அவன் வருந்தவில்லை.

இதே கற்பித்தல் முறை காரின் கோபுரத்தில் மீண்டும் வருவதைக் கவனித்தீர்களா? கொலைகாரன் தாவோ பாய்பாயிடம் தோற்ற பின், வலிமை தரும் புனித நீரைத் தேடி கோக்கு அந்த உயரமான கோபுரத்தில் வெறுங்கையால் ஏறுகிறான். உச்சியில் இருக்கும் காரின் என்ற பூனைத் துறவி, என்னிடமிருந்து பறித்துக் குடி என்கிறார். ரோஷிக்கு இதற்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன, கோக்கு மூன்று நாள்களில் பறித்துவிடுகிறான். குடித்த பிறகுதான் அது சாதாரணத் தண்ணீர் என்று தெரியவருகிறது. ஏறியதும், காற்று மெலிந்த இடத்தில் காரினைத் துரத்தியதும், அவருடைய அசைவுகளை முன்கூட்டியே கணிக்கப் பழகியதும்தான் பயிற்சி. பால் புட்டிகளை நினைத்தால், ரோஷி இந்த முறையை எங்கே கற்றார் என்பது விளங்கும். அவரும் ஒரு காலத்தில் அதே தண்ணீருக்காக அந்தப் பூனையைத் துரத்தியவர்.

நான்காம்நட்சத்திரம் அவர்கள் கேட்ட பாறைக் காட்சிக்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். அது சமாளிப்பாகவே இருக்கட்டும். இன்னும் பெரிய பாறையைக் காட்டியபோது கோக்கு ஏமாற்றம் அடையாமல் அதை நோக்கி நடந்தான் அல்லவா? தோற்றவுடன் பந்து தேடிப் புறப்பட்டதும் அதே குணம்தான். 22ஆவது போட்டிக்கு முன்பாக, ரோஷி சொன்னபடி மேகத்தை விட்டுவிட்டு மூன்று ஆண்டுகள் உலகைக் கால்நடையாகவே சுற்றுகிறான். 23ஆவது போட்டியில் டென்ஷின்ஹான் என்ற வீரனோடு மோதும்போது நடுவில் நிறுத்தி, காலணி, கைப்பட்டை, உள்சட்டை என்று ஒவ்வொன்றாகக் கழற்றுகிறான். மொத்தம் 100 கிலோவுக்கும் மேல். ஆமை ஓட்டைக் கழற்றி ஆண்டுகள் பல ஆகியும் அவன் அந்தப் பயிற்சியை நிறுத்தியிருக்கவில்லை.